வாய்க்கு ஒரு வயிறு

ஸ்னேக் சந்தையில்
பதினோரு யூரோவுக்குக் கிடைத்தது வாய்.
வெள்ளி வாய். இரண்டு குமிழும் ஒன்றையொன்று தாண்டி
டிக் என்று மூடிக்கொள்ளும்.
உள்விளிம்பில் யாரோ ஒருத்தியின் முதலெழுத்துகள்.
வயிறு இல்லை.

அதைத்தான் பின்னிக்கொண்டிருக்கிறேன்,
பாலத்துக் கூண்டில் உட்கார்ந்து,
ஒரு படகு போய் அடுத்த படகு வரும்வரை.

ஊசி ஐந்து,
சைக்கிள் சக்கரக் கம்பியில் பாதி கனம்.
சுற்றுக்குத் தொண்ணூற்றாறு மணி, தொண்ணூறு சுற்று.
பெருக்கிப் பார்க்காதீர்கள், நான் பார்த்தேன்,
இரண்டு நாள் ஊசியைத் தொடவில்லை.

பின்னும்போது மணி கோர்க்க முடியாது.
முன்னாலேயே கோர்த்துவிட வேண்டும்,
எல்லாவற்றையும், ஒரே நூலில்,
அதுவும் தலைகீழாக:
கடைசியில் வரவேண்டிய வானம் முதலில்,
அப்புறம் பாய்மரம், அப்புறம் படகு,
அடியில் நிற்கவேண்டிய தண்ணீர்
எல்லாவற்றுக்கும் பிறகு.

குளிர்காலத்தில் கால்வாயில் யாரும் வருவதில்லை.
ஜனவரி ஒன்றில் தொடங்கினேன்.
இரவுக்கு ஒரு சுற்று,
மார்ச் முப்பத்தொன்றில் நூல் நிறைந்தது.
ஆகையால் இப்போது
என் ஊசிமுனைக்கு முதலில் வந்தது மார்ச்.
ஜூன் மாத வெயிலில் பிப்ரவரியைப் பின்னினேன்.
தரையில் வாத்துக்குஞ்சுகள் வரிசையாகப் போக,
கையில் ஆலங்கட்டி மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை.

எழுபத்திரண்டாவது சுற்றுக்குத்தான் பயந்திருந்தேன்.
அது ஜனவரி பத்தொன்பது.
இரவு ஒன்பது மணிக்கு நின்கே கூப்பிட்டாள்.
"கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் செய்யாதே, அம்மா."
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்கவில்லை.
சரி என்றேன்.
வைத்துவிட்டு
நீலம் நீலம் வெள்ளை நீலம் என்று
கோர்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அந்தச் சுற்றில் பிழை இருக்கும், இருந்தே தீரும்
என்று மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி வைத்து
மணி மணியாக எண்ணினேன்.
தொண்ணூற்றாறு.
ஒரு வெள்ளைகூட இடம் மாறவில்லை.
என் கைமேல் எனக்குக் கோபம் வந்தது.
உனக்குக் காது கிடையாதா?

பிழை இன்றைக்கு வந்தது,
எண்பத்தாறாவது சுற்றில்.
ஜனவரி ஐந்து.
அன்றைக்கு என்ன நடந்தது? ஒன்றுமில்லை.
என்ன சாப்பிட்டோம் என்பதுகூட ஞாபகமில்லை.
மேகமில்லாத வானத்தின் நட்டநடுவில்
ஒரு சிவப்பு மணி,
தொண்ணூற்றேழாவது.

படத்தில் எங்குமே சிவப்பு கிடையாது.
நான் வாங்கவும் இல்லை.
தையல் பெட்டியின் அடியில்
அறுந்த பழைய வளையலிலிருந்து நாலைந்து உருண்டுகொண்டிருக்கும்.

குறையும் மணிக்கு மருந்தில்லை.
கூடும் மணிக்கு உண்டு: குறடு.
நூலோடு சேர்த்து நசுக்காமல்
ஓரத்தில் பிடித்து அழுத்தினால்
கண்ணாடி தூளாகிவிடும். நூல் பிழைத்துக்கொள்ளும்.
குறட்டை வாயில் வைத்தாயிற்று.
அப்போதுதான் உறைத்தது:
நின்கே ஆறாம் தேதி ரயிலில்தானே போனாள்?

ஹாரன்.
வெள்ளைப் பாய்மரப் படகு ஒன்று, இரண்டாம் முறை ஹாரன்.
பொத்தானை அழுத்தினேன். மணியடித்தது, தடுப்பு இறங்கியது,
சாலை எழுந்து நின்றது.
தூண்டிற்கோலின் நுனியில் தொங்கும் மரச்செருப்பை
படகின்மேல் ஆட்டி நீட்டினேன்.
மூன்று யூரோ போட்டவர்
என்ன பின்னுகிறீர்கள் என்று கத்தினார்.
காற்றில் என் பதில் அவருக்குக் கேட்டிருக்காது.
எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சாலை படுத்தது. சைக்கிள்காரர்கள் போனார்கள்.
குறடு மேசையில் திறந்த வாயோடு கிடந்தது.

சிவப்பை மேலே தள்ளி
ஊசியைக் கண்ணிக்குள் விட்டு
இழுத்தேன்.
இன்னும் நாலு சுற்றில் புத்தாண்டு.
அன்றைக்கு இந்த மேசையில் அவள்
எண்ணெய்ப் பணியாரத்துச் சர்க்கரையைச் சிந்தினாள்,
மணித்தட்டில் விழுகிறது என்று திட்டினேன்.

ஊசியில் இப்போது தொண்ணூற்றேழு கண்ணி.
அடுத்த சுற்றில் எங்காவது
இரண்டைச் சேர்த்துப் பின்னிக்கொள்ளலாம்.